காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்

பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் வாக்குப்பதிவு இரவு 10 மணிக்கு முடிவடையும். கோடைக்காலமாக இருந்தால் அப்போது சிங்கப்பூரில் மறுநாள் அதிகாலை 5 மணி. குளிர்காலமாக இருந்தால் 6 மணி. பிபிசி, ஐடிவி, ஸ்கை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கணிப்பு அந்த நொடியிலேயே வெளியாகிவிடுவதால், நாம் வேலைக்குக் கிளம்புவதற்குள் அடுத்த பிரதமர் யார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். 2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை காலை, தொழிற்கட்சிக்கு 410 இடங்கள் என்ற கணிப்பு வந்தபோது, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த முதல் செய்தி இதுதான்: “சன் பத்திரிகை முந்தாநாளே சொல்லிவிட்டதே! முர்டாக் எந்தப் பக்கமோ, வெற்றி அந்தப் பக்கம்.”

சன் நாளேட்டின் முதலாளி ருப்பர்ட் முர்டாக்கைப் பற்றிய இந்தக் கருத்தைப் பல ஆண்டுகளாகப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்கவும் முடியாது. 1979 முதல் 2024 வரை நடந்த பொதுத்தேர்தல்கள் அனைத்திலும், பிரிட்டன் முழுமைக்குமாக சன் நாளேடு ஆதரித்த கட்சியே அரசாங்கத்தின் தலைமைக்கு வந்திருக்கிறது. ஆயினும் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்பது என் எண்ணம். அதிலும் இந்தக் காக்கை, விழப்போகும் பழம் எது என்று நன்றாகப் பார்த்துவிட்டே மரத்தில் வந்து அமர்கிறது. பத்திரிகைகளுக்குச் செல்வாக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் செல்வாக்கு நாம் தேடும் இடத்தில், அதாவது வாக்குப்பதிவு நாளின் முதல் பக்கத்தில், இல்லை என்றுதான் சொல்கிறேன்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1992ஆம் ஆண்டுத் தேர்தலை. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, வாக்குப்பதிவு நாளன்று, சன் நாளேட்டின் முதல் பக்கத்தில் ஒரு பெரிய மின்விளக்குக் குமிழ் இருந்தது. அதற்குள் தொழிற்கட்சித் தலைவர் நீல் கினக்கின் தலை. பக்கத்திலேயே, இன்று கினக் வென்றால் பிரிட்டனை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்ற பொருளில் கொட்டை எழுத்துகள். கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது. ஒரு கேலி, ஒரு பயமுறுத்தல், அவ்வளவுதான். முடிவு வந்தபோது ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 336 இடங்கள் கிடைத்தன. பெரும்பான்மை வெறும் 21. இரண்டு நாள் கழித்து, வெற்றியைத் தேடித் தந்தது சன்தான் என்று அந்த ஏடே தன் முதுகைத் தட்டிக்கொண்டது. அந்தத் தலைப்பு இன்றளவும் பாடநூல்களிலும் பேச்சுகளிலும் வாழ்கிறது.

ஆனால் அந்த வாரத்தின் மற்றச் செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கடைசிக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை தொழிற்கட்சி சிறிது முன்னிலையில் இருப்பதாகக் காட்டின. உண்மையில் கன்சர்வேட்டிவ் கட்சி 7 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் முந்தியிருந்தது. கணிப்பாளர்கள் தேர்ந்தெடுத்த மாதிரிகளில் கோளாறு இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்கவிருந்த பலர் அதை வெளியே சொல்லவும் தயங்கினர். ஆகவே, மக்கள் ஒரே இரவில் மனம் மாறிவிட்டதாகத் தோன்றிய மாற்றத்தில் பெரும்பகுதி, முன்பே இருந்து கணக்கில் வராமல் போன வாக்குகள்தான். இன்னொரு பக்கம், தொழிற்கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜான் ஸ்மித், தாம் ஆட்சிக்கு வந்தால் யார் யாருக்கு வரி உயரும் என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஒரு மாற்று வரவுசெலவுத் திட்டமாக வெளியிட்டிருந்தார். நேர்மையான செயல், ஆனால் அதற்கு மாதங்களுக்கு முன்பிருந்தே, தொழிற்கட்சியின் வரி வெடிகுண்டு என்று சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த எதிர்த்தரப்புக்கு அது வாயில் ஊட்டிய விருந்தாகிவிட்டது. மார்கரெட் தாட்சரைக் கட்சியே இறக்கிவிட்டு மேஜரை ஏற்றியிருந்ததால், ஆட்சி மாற வேண்டும் என்று விரும்பிய பலருக்குப் பாதி மாற்றம் முன்பே கிடைத்திருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்தத் தலைப்பைப் பற்றி 2012ஆம் ஆண்டு, பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையில் ருப்பர்ட் முர்டாக்கிடமே கேட்டார்கள். அது நயமற்றது, தவறானது என்றும், அதற்காக அப்போதைய ஆசிரியரைத் தாம் கடுமையாகக் கடிந்துகொண்டதாகவும் அவர் சொன்னார். தமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் சாட்சிக்கூண்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு எப்படிச் சொல்வார் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இருந்தாலும், முர்டாக் மறுத்த அந்த அதிகாரத்தை அரசியல்வாதிகள் முழுமனத்தோடு நம்பினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அந்த நம்பிக்கையிலிருந்துதான் உண்மையான அதிகாரம் பிறந்தது.

1995 ஜூலையில், தொழிற்கட்சியின் புதிய தலைவர் டோனி பிளேர், ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் நடந்த, முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் நிறுவன நிர்வாகிகளின் கூட்டத்தில் பேசுவதற்காக உலகத்தின் மறுகோடிக்குப் பறந்தார். 1997 மார்ச் 17 அன்று தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. மறுநாளே சன் பிளேருக்கு ஆதரவு தெரிவித்தது. மே 1 அன்று தொழிற்கட்சி 418 இடங்களையும் 179 பெரும்பான்மையையும் பெற்றது. இதில் கவனிக்க வேண்டியது, 1992 செப்டம்பர் 16 அன்று நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று பிணைத்த ஐரோப்பியச் செலாவணி முறையிலிருந்து பவுண்டு தூக்கியெறியப்பட்ட நாளோடு, பொருளியலைக் கையாளத் தெரிந்தவர்கள் என்ற கன்சர்வேட்டிவ் கட்சியின் நற்பெயர் போய்விட்டது என்பதுதான். அதன்பிறகு நான்கரை ஆண்டுகளாகத் தொழிற்கட்சி கருத்துக்கணிப்புகளில் முந்தியே இருந்தது. சன் ஏறியது, நிலையத்தை விட்டு எப்போதோ புறப்பட்டுவிட்ட வண்டியில்.

எதிர்த்தரப்புச் சான்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாக்காளர்களை 1992 முதல் 1997 வரை தொடர்ந்து பேட்டி கண்ட தரவுகளை வைத்து, லாட், லென்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அணி மாறிய நாளேடுகளின் வாசகர்களில் 10 முதல் 25 விழுக்காட்டினர் வரை அதனால் தொழிற்கட்சிப் பக்கம் நகர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சிறிய எண்ணிக்கை அன்று. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் வாக்கு வித்தியாசமே 12 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் இருந்த ஒரு தேர்தலில், அந்த நகர்வு வெற்றியைப் பெரிதாக்கியிருக்கலாமே தவிர, வெற்றியை உண்டாக்கியிருக்க முடியாது.

வென்ற பிறகு நடந்தவைதான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. 2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்கும் தறுவாயில், பிளேரும் முர்டாக்கும் ஒன்பது நாள்களுக்குள் மூன்று முறை தொலைபேசியில் பேசியது பின்னர் அதிகாரபூர்வமாகவே வெளியானது. பதவியிலிருந்து இறங்கிய பின் பிளேர் முர்டாக்கின் மகள் ஒருத்திக்கு ஞானத்தந்தை ஆனார். ஒரு தேர்தலை ஒரு பத்திரிகை மாற்றியதா என்று தராசு வைத்து நிறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு பிரதமர் யாருடைய தொலைபேசி அழைப்புக்குக் கட்டாயம் பதில் சொல்வார் என்ற கேள்வியை நாம் கோட்டைவிட்டு விடுகிறோம்.

பழைய தேர்தல்களும் இதையே காட்டுகின்றன. 1924 அக்டோபர் 25 அன்று, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில், டெய்லி மெயில் ஒரு கடிதத்தை வெளியிட்டது. மாஸ்கோவிலிருந்து கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் சினோவியேவ் எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்தக் கடிதம், பிரிட்டனில் புரட்சிக்குத் தூபம் போடுவது போல் அமைந்திருந்தது. அது போலி என்பதே இன்று வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. ராம்சே மெக்டொனால்டின் முதல் தொழிற்கட்சி அரசாங்கம் அதனால்தான் கவிழ்ந்தது என்பது கட்சிக்குள் பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அந்தத் தேர்தலில் தொழிற்கட்சியின் வாக்குகள் குறையவில்லை. முந்தைய ஆண்டைவிடச் சுமார் 10 லட்சம் கூடின. இடங்கள் மட்டும் 191இலிருந்து 151ஆக இறங்கின. உண்மையில் நொறுங்கியது லிபரல் கட்சி. 150க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 40க்கு வீழ்ந்த அந்தக் கட்சியை விட்டு ஓடிய வாக்குகள் கன்சர்வேட்டிவ் கட்சியைத் தூக்கிவிட்டன. கடிதம் அந்த ஓட்டத்துக்குக் கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கலாம். 1945இல் நேர்மாறு: பெருவிற்பனை கொண்ட டெய்லி எக்ஸ்பிரஸ் சர்ச்சிலுக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் தொழிற்கட்சி 393 இடங்களில் வென்றது.

நம் ஊரிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது, ஆங்கிலேயர் கையிலிருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மக்கள் செயல் கட்சியைக் கடுமையாக எதிர்த்தது. 51 இடங்களில் 43 இடங்கள் மசெகவுக்கே கிடைத்தன. அந்த ஏட்டை வாசித்தவர்கள் வேறு, வாக்களித்தவர்கள் வேறு.

பிரிட்டிஷ் தேர்தல் சிங்கப்பூரர்களின் வயிற்றுப்பாடாக இருந்த ஒரு தருணமும் உண்டு. 1968 ஜனவரியில், ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசாங்கம், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே, சிங்கப்பூரிலும், உள்ள பிரிட்டிஷ் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. 1971 இறுதி என்ற கெடுவே லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்து போராடிப் பெற்ற சில மாத நீட்டிப்புத்தான். தளங்களை நம்பிய வருமானம் நம் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. என் பெரியப்பா அப்போது செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்தார். “ஹீத் வந்தால் தளம் நிற்கும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம் தம்பி. ஆனா அவர் வருவார்னு ஒருத்தரும் நம்பலை” என்று அன்றைய கன்சர்வேட்டிவ் தலைவர் ஹீத்தைப் பற்றிப் பல முறை சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. 1970 ஜூன் 18 தேர்தலுக்கு முந்திய கருத்துக்கணிப்புகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் வில்சன் வெல்வார் என்றே கூறின. எட்வர்ட் ஹீத் 330 இடங்களுடன் வென்றார்.

அந்தத் தேர்தலில் பத்திரிகைகள் என்ன செய்தன? பிரசாரத்தின் நடுவே வேலைநிறுத்தத்தால் தேசிய நாளேடுகள் சில நாள் வெளிவரவே இல்லை. சன், அப்போது முர்டாக் வாங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில், தொழிற்கட்சியை ஆதரித்தது. வில்சனைக் கவிழ்த்தது என்று பலரும் சுட்டுவது, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு வெளியான வணிகப் புள்ளிவிவரம்: மே மாதத்தில் 3 கோடியே 10 லட்சம் பவுண்டு பற்றாக்குறை. அதில் ஒரு பகுதி, இரண்டு ஜம்போ விமானங்கள் வாங்கிய செலவு! அதற்கு முதல்நாள் உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் தோற்றிருந்ததையும் சிலர் காரணம் காட்டுவார்கள். அதை அவரவர் ரசனைக்கு விட்டுவிடுகிறேன். ஹீத் தளங்களை மீட்டுத் தரவில்லை. ஆனால் 1971 நவம்பரில் நடப்புக்கு வந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு அவர் ஆட்சியின் விளைவு. சிங்கப்பூர் அதில் இன்றும் உறுப்பினர்.

முர்டாக்கின் ஏடு வாசகரை வழிநடத்துகிறதா, வாசகரின் பின்னால் நடக்கிறதா என்ற கேள்விக்கு 2015 ஏப்ரல் 30ஆம் தேதி இதழ்களைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. அன்று இங்கிலாந்தில் விற்ற சன் இதழின் முதல் பக்கத்தில், அரச குடும்பத்தில் குழந்தை பிறக்கவிருந்த நேரமாதலால், டேவிட் கேமரனைத் துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தையாகச் சித்திரித்துக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குக் கேட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்து தேசியக் கட்சியைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதே நாளில் ஸ்காட்லாந்தில் விற்ற சன் இதழின் முதல் பக்கத்தில், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஒரு விண்வெளித் திரைப்பட நாயகியின் வேடத்தில் நின்றார். வாசகர்கள் அவருக்கே வாக்களிக்க வேண்டுமாம். ஒரே முதலாளி, ஒரே நாள், எல்லையின் இரு பக்கமும் இரு வேறு வேதங்கள்! அந்தக் கட்சி ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56ஐ வாரிக்கொண்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை எடின்பரோவில் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டிருக்கலாம்.

அப்படியானால் பத்திரிகையின் பலம் எங்கே இருக்கிறது? தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், தினந்தோறும் சொட்டுச் சொட்டாக இறங்கும் செய்தித் தேர்வில் இருக்கிறது. இதற்கு லிவர்பூல் ஓர் இயற்கைச் சோதனைக்கூடமாக அமைந்துவிட்டது. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் பிற்காலத்தில் நிகழ்ந்த மரணங்களையும் சேர்த்து உயிரிழந்தனர். சன், லிவர்பூல் ரசிகர்கள்மீதே பழிசுமத்திப் பொய்யான குற்றச்சாட்டுகளை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அந்த நகரமும் சுற்றுவட்டாரமும் அந்த ஏட்டைப் புறக்கணித்தன. இன்றும் அங்கே பல கடைகள் அதை விற்பதில்லை. ஃபூஸ், பிஷாஃப் என்ற இரு ஆய்வாளர்கள், புறக்கணிப்பு நடந்த வட்டாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிரான மனப்பான்மை, ஒப்பிடத்தக்க மற்ற இடங்களைவிடக் குறைந்ததை 2022இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி ஆண்டுக்கணக்காகக் கேலியும் கோபமுமாகவே வாசித்தவர்களுக்கும் அப்படி வாசிக்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு அது. எந்த வாக்குப்பதிவு நாளின் தலைப்பாலும் அதைச் செய்திருக்க முடியாது.

2017ஆம் ஆண்டுத் தேர்தல், கடைசி நேரத் தாக்குதலின் எல்லையைக் காட்டியது. வாக்குப்பதிவுக்கு முதல்நாள் டெய்லி மெயில் தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பினையும் அவருடைய தோழர்களையும் சாடுவதற்கு 13 பக்கங்களை ஒதுக்கியது. தொழிற்கட்சி 40 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. பிரதமர் தெரேசா மே பெரும்பான்மையை இழந்தார். இளையர்கள் அந்த 13 பக்கங்களைப் புரட்டவே இல்லை என்பது எளிய விளக்கம். முதியோர் பராமரிப்புச் செலவு குறித்து மே வெளியிட்ட திட்டம் அவருடைய சொந்த ஆதரவாளர்களையே மிரள வைத்தது என்பது கூடுதல் விளக்கம்.

இனி 2024க்கு வருகிறேன். தொழிற்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் 33.7 விழுக்காடு வாக்குகளுடன் 411 இடங்களைப் பெற்றார். அவர் கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் சுமார் 97 லட்சம். கார்பின் 2017இல் தோற்றபோது கிடைத்தவை சுமார் 1 கோடியே 29 லட்சம்; 2019இல் படுதோல்வி அடைந்தபோதும் 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல். தோற்றவரைவிடக் குறைவான வாக்குகள் பெற்று ஒருவர் மாபெரும் வெற்றி பெறுகிறார் என்றால், விளக்கத்தைப் பத்திரிகைகளில் தேடிப் பயனில்லை; தொகுதிக் கணக்கில்தான் தேட வேண்டும். 2019இல் நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி முன்பு வென்றிருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் ஒதுங்கி நின்றது. போரிஸ் ஜான்சன் 365 இடங்களை அள்ளினார். 2024இல் அதே ஃபராஜின் ரிஃபார்ம் யுகே கட்சி ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நின்று 14.3 விழுக்காடு வாக்குகளைப் பிரித்தது. தனக்குக் கிடைத்தது 5 இடங்கள்தான், ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சி 121க்குச் சரிந்தது. அதைவிடக் குறைவாக, 12.2 விழுக்காடு மட்டுமே பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள். எண்ணிக்கையில் முந்தியவருக்கே தொகுதி என்ற இதே முறையை வெள்ளையரிடமிருந்து பெற்று, அதன்மேல் குழுத்தொகுதியையும் கட்டாய வாக்களிப்பையும் ஏற்றிவைத்திருக்கும் நமக்கு, வாக்கு விழுக்காடும் இடங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போவது புதிதன்று. அங்கே கூடுதலாக இன்னொன்றும் உண்டு: 2024இல் வாக்காளர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வாக்களிக்கவே வரவில்லை.

கன்சர்வேட்டிவ் கட்சியின் அந்தச் சரிவுக்கு எந்த ஏடும் தேவைப்படவில்லை. லிஸ் டிரஸ் 2022இல் தம் 49 நாள் ஆட்சியில் அடமானக் கடன் வட்டியை எகிறவிட்டது, மருத்துவமனைகளில் நீண்ட காத்திருப்பு, பொதுமுடக்க காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள், கடைசியாக நார்மண்டித் தரையிறக்க நினைவு விழாவிலிருந்து ரிஷி சுனாக் பாதியில் கிளம்பிவிட்டது என்று காரணங்கள் வரிசையில் நின்றன. சன் ஸ்டார்மரை ஆதரித்தது வாக்குப்பதிவுக்கு முதல்நாள். அப்போது கணிப்புகளில் 20 புள்ளி அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த அறிவிப்பைப் படித்து எத்தனை பேர் மனம் மாறியிருப்பார்கள்?

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்த மாற்றம் அங்கிருந்துதான் வரப்போகிறது. பிரிட்டனில் நாளேடுகள் எந்தக் கட்சியின் கொடியையும் பிடிக்கலாம். ஒளிபரப்பு நிறுவனங்கள் நடுநிலை தவறக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, ஆஃப்காம் என்ற அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. கட்சிகள் தொலைக்காட்சியில் விளம்பர நேரத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. 2021இல் தொடங்கிய ஜிபி நியூஸ் அலைவரிசை, அந்த நடுநிலை வேலியின் ஓட்டைகளைத் தேடித் தேடிப் பார்க்கிறது. பதவியிலிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களே அங்கே நிகழ்ச்சி நடத்துகிறார்கள், ஃபராஜும் அவர்களுள் ஒருவர். சன் விளக்குக் குமிழுக்குள் கினக்கின் தலையை அடைத்த நாள்களில், ஒரு தலைவர் ஊடக முதலாளியைப் பார்க்க ஹேமன் தீவுக்குப் பறக்க வேண்டியிருந்தது. இப்போது கட்சித் தலைவரே ஒளிபரப்பாளர் நாற்காலியில் அமர்ந்து, தேர்தலுக்குப் பல ஆண்டுகள் முன்பே, வாரந்தோறும் மாலையில் தம் வாக்காளர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்ட்டுக்குள் நடந்தாக வேண்டும். அன்று அதிகாலை வாட்ஸ்அப் குழுவில் சன் யாரை ஆதரித்தது என்று யாராவது எழுதினால், அதைவிட, ஜிபி நியூஸ் முந்தைய நான்கு ஆண்டுகள் எதைப் பேசிக்கொண்டிருந்தது என்று கேட்பதாக இருக்கிறேன்.